கால்சட்டை போட்ட டாக்டரம்மா



முதலாண்டு ஒர்க்ஷாப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் அரம் பிடிப்பது இல்லை. லேத் பக்கம் போகும்போது தொங்குகிற எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்பதுதான். ஜடையைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கணும். வளையலைக் கழட்டணும். துப்பட்டாவை ஓவர்கோட்டுக்குள்ளே முடிஞ்சு வெக்கணும். சுத்துற சக்கில் துணி நுனி மாட்டினால் மெஷின் ஆணா பெண்ணா என்று பார்க்காது, இழுத்துக்கொண்டு போய்விடும்.

இது நமக்கெல்லாம் தெரிந்த சங்கதிதான். ஆனால் போன லீவில் ஒரு கம்பெனிக்கு இன்-பிளான்ட் டிரெயினிங் போக வேண்டி வந்தபோது, பேண்ட், சட்டை, ஷூ போட்டு வந்தால்தான் உள்ளே அனுமதி என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பொண்ணும் பேண்ட் போட்டு நடந்ததில்லை. பெரியப்பா கோவிச்சுக்கிட்டு ரெண்டு நாள் எங்க வீட்டுப் பக்கமே வரலை. எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் இந்த மாதிரி விஷயத்தில் யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை. டீக்கடையைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்குப் போவதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது.

அந்தப் பதினைந்து நாள் முடிந்த பிறகுதான் டாக்டர் மேரி எட்வர்ட்ஸ் வாக்கர் அம்மையாரைப் பற்றிப் படித்தேன். அவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அறுபது வருஷத்துக்கும் மேலாகக் கால்சட்டை போட்டே வாழ்ந்தவர். அதற்காகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. சிறுவர்கள் கல்லும் அழுகிய முட்டையும் வீசியிருக்கிறார்கள். நான் டீக்கடை ஒன்றைத் தாண்டியதற்கே அப்படிப் பயந்தேனே என்று வெட்கமாகிவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மேரி அம்மையார் பிறந்தது 1832 நவம்பர் 26. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில், ஒன்டாரியோ ஏரிக்கரையில் உள்ள ஆஸ்வீகோ என்ற ஊர். அப்பா ஆல்வா வாக்கர், அம்மா வெஸ்டா. பெண் பிள்ளைகள் நிறைந்த வீடு. அப்பாவுக்கு விவசாயமும் தச்சு வேலையும். மருத்துவப் புத்தகங்களைத் தானாகவே வாங்கிப் படிக்கிற பழக்கமும் அவருக்கு உண்டு. அடிமை முறை ஒழிய வேண்டும் என்று நினைத்த குடும்பம். தன் நிலத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் கட்டி, பெண் பிள்ளைகளையும் படிக்க வைத்தார் அந்த அப்பா.

அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்களின் உடையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கதையே விளங்காது. இடுப்பில் திமிங்கிலத்தின் வாய்த் தகடு வைத்துத் தைத்த இறுக்கமான கச்சு. அதைப் பின்னால் நாடா போட்டு இழுத்துக் கட்டுவார்கள். மூச்சு நிறைய இழுக்க முடியாது. அதன் கீழே ஒன்றின் மேல் ஒன்றாகப் பல உள்பாவாடைகள். எல்லாவற்றுக்கும் மேலே தரையைக் கூட்டிக்கொண்டு போகும் பெரிய பாவாடை. அத்தனை பாரமும் இடுப்பில்தான் தொங்கும். மழைக்காலத்துச் சேறு, குதிரைச் சாணம், எச்சில் எல்லாம் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். அடுப்பு நெருப்பு பிடித்துக்கொண்டால் ஓடவும் முடியாது. மேரியின் அப்பா இந்த இறுக்குக் கச்சு உடம்புக்குக் கெடுதல் என்று சொல்லி, வயலில் வேலை செய்யும் தன் பெண்களை அதைப் போட வேண்டாம் என்று விட்டுவிட்டார். பின்னால் மகள் நடத்திய சண்டை எல்லாம் அந்த வயலில் தொடங்கியது என்றே நான் நினைக்கிறேன்.

கால்சட்டையை முதலில் போட்டவர் மேரி இல்லை. 1851ல் அதே மாநிலத்தில் செனகா ஃபால்ஸ் என்ற ஊரில் சில பெண்கள், முழங்காலுக்குக் கீழே நிற்கும் பாவாடையும் அதன் அடியில் துருக்கிக்காரர்கள் போடுவது போன்ற தொளதொளப்பான கால்சட்டையும் போட ஆரம்பித்தார்கள். அமீலியா புளூமர் என்ற அம்மையார் தன் பத்திரிகையில் அதை ஆதரித்து எழுதினார். அதனால் அந்த உடைக்கே புளூமர் என்று பெயர் வந்துவிட்டது. கேலிச் சித்திரங்கள் வந்தன. தெருவில் பையன்கள் கூட்டமாகப் பின்னால் வந்து கத்தினார்கள். பெண்ணுரிமைக்குப் பேசிய பெரிய தலைவிகள்கூட இரண்டு மூன்று வருஷத்தில் பழைய பாவாடைக்கே திரும்பிவிட்டார்கள். நாம் பேசுகிற ஓட்டுரிமையை யாரும் கேட்க மாட்டேங்கறாங்க, நம்ம கால்சட்டையைத்தான் பார்க்கிறாங்க என்பது அவர்கள் கவலை. அது பொய்க் கவலை என்று சொல்ல முடியாது. மேரி மட்டும் திரும்பவில்லை.

பள்ளியில் டீச்சராக வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் சைரக்யூஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1855ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்போது வயது 22. அதே வருஷம் உடன் படித்த ஆல்பர்ட் மில்லரோடு கல்யாணம். கல்யாணத்திலும் கால்சட்டையும் குட்டைப் பாவாடையும்தான். கணவனுக்குக் கீழ்ப்படிவேன் என்று சொல்ல வேண்டிய சடங்கு வார்த்தையைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். பெயரையும் மாற்றிக்கொள்ளவில்லை. இருவரும் ரோம் என்ற ஊரில் (இத்தாலி ரோம் இல்லீங்க, நியூயார்க் மாநிலத்து ரோம்) டாக்டர் தொழில் ஆரம்பித்தார்கள். பெண் டாக்டரிடம் வர ஜனங்களுக்கு மனசில்லை, தொழில் ஓடவில்லை. கணவர் வேறு பெண்ணோடு பழகியது தெரிந்ததும் அந்த வாழ்க்கையும் முடிந்தது. சட்டப்படி விவாகரத்து கிடைக்க 1869 வரை ஆனது.

1861ல் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையை விட மாட்டோம் என்ற தென் மாநிலங்கள் ஒரு பக்கம், ஒன்றிய அரசு மறுபக்கம். மேரி வாஷிங்டன் போய், ராணுவத்தில் சர்ஜனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். நர்ஸாக வேண்டுமானால் வரலாம் என்றார்கள். படித்தது டாக்டருக்கு, நான் ஏன் நர்ஸாக வரணும் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கோபித்துக்கொண்டு ஊருக்கும் போகவில்லை. காப்புரிமை அலுவலகக் கட்டிடத்தில் நடந்த ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் சம்பளமே இல்லாமல் டாக்டர் வேலை பார்த்தார். அடிபட்ட மகனையும் கணவனையும் தேடி ஊர் ஊராக வரும் பெண்களுக்குத் தங்க இடம் ஏற்பாடு செய்தார். அந்தக் காலத்தில் கையில் காலில் குண்டு பட்டால் வெட்டி எடுத்துவிடுவதுதான் வழக்கம். பல பேருக்கு அது தேவையே இல்லை என்று மேரி கண்டார். மேல் டாக்டர்களை எதிர்த்துப் பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால் சிப்பாய்களிடம் தனியாகப் போய், வெட்ட ஒப்புக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு வருவாராம். இப்படி எத்தனை பேர் கால் தப்பித்ததோ! அவரைப் பற்றிப் படித்ததில் எனக்கு மெடலைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

1862 டிசம்பரில் ஃப்ரெடரிக்ஸ்பர்க் போரில் அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1864 தொடக்கத்தில் ஒஹாயோ 52வது காலாட்படைக்கு உதவி சர்ஜனாக அனுப்பப்பட்டார். அதிகாரிகள் போடுவது போன்ற தங்கக் கோடு போட்ட கால்சட்டை, சர்ஜனுக்குரிய பச்சைப் பட்டை எல்லாம் போட்டுக்கொண்டார். தலைமுடியை மட்டும் வெட்டவில்லை. தான் பெண் என்பது யாருக்கும் மறைய வேண்டியதில்லை என்பதற்காக நீளமாகவே விட்டிருந்தார். ஆண் வேஷம் போட்டுச் சண்டைக்குப் போன பெண்கள் அந்தப் போரில் உண்டு. மேரி செய்தது வேஷம் இல்லை. பெண்ணாகவே இருந்துகொண்டு வேலைக்கு ஏற்ற துணியைப் போட்டார். ஜனங்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய் எதிர்ப் பக்கத்து ஏழை ஜனங்களுக்கும் வைத்தியம் செய்வது அவர் வழக்கம். 1864 ஏப்ரல் 10 அன்று அப்படிப் போனபோது தென் படையினர் பிடித்துவிட்டார்கள். ஒற்றர் என்று சந்தேகப்பட்டு ரிச்மண்ட் நகரில் காசில் தண்டர் என்ற சிறையில் போட்டார்கள். நாலு மாதம். மோசமான சாப்பாடு, அழுக்கு, எலி. பெண்கள் உடை கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். ஆகஸ்ட் 12 அன்று கைதி மாற்றத்தில் விடுதலை. அவருக்குப் பதிலாக எதிர்ப்பக்கத்து சர்ஜன் ஒருவரை ஒன்றியப் படை திருப்பித் தந்தது. ஒரு ஆண் டாக்டருக்கு ஈடாக என்னை மாற்றினார்கள் என்று ஆயுசுக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சிறையில் கண் பார்வை கெட்டது. பிறகு நன்றாக டாக்டர் தொழில் பார்க்கவே முடியாமல் போனது. வெளியே வந்த பிறகுதான் மாதம் 100 டாலர் சம்பளத்துக்கு ஒப்பந்தமும் கிடைத்தது.

போர் முடிந்ததும் 1865 நவம்பர் 11 அன்று ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் கையெழுத்துப் போட்டு மெடல் ஆஃப் ஆனர் கொடுத்தார். அமெரிக்க ராணுவத்தின் மிக உயர்ந்த விருது அது. இன்று வரை அதை வாங்கிய ஒரே பெண் மேரி வாக்கர்தான்.

விருது வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 1866ல் நியூயார்க் நகரில் ஒரு கடைக்குப் போனவரைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. போலீஸ்காரர் வந்து கூட்டத்தைக் கலைக்கவில்லை, அவரைப் பிடித்துக்கொண்டு போனார். மேரி விடவில்லை. போலீஸ் கமிஷனர் முன்னால் புகார் கொடுத்தார். கமிஷனர் விசாரித்துவிட்டு, இவர் விருப்பப்படி உடுத்தலாம், இனிமேல் பிடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அது நியூயார்க்குக்கு மட்டும்தான். 1870ல் நியூ ஆர்லியன்ஸில் மறுபடியும் பிடித்தார்கள். எத்தனை முறை பிடித்தாலும் வெளியே வந்து அதே உடையில் நடந்தார்.

பிழைப்பு கஷ்டம்தான். சிறையில் கெட்ட உடம்புக்கு மாதம் எட்டரை டாலர் பென்ஷன் கொடுத்தார்கள், பல வருஷம் கழித்து 20 டாலர் ஆனது. ஊர் ஊராகச் சொற்பொழிவு செய்தார், புத்தகம் எழுதினார். பென்ஷன் அலுவலகத்தில் ஒரு சின்ன வேலை கிடைத்து அதுவும் போனது. 1887ல் காசுக்கு வேடிக்கை காட்டும் மியூசியம் மேடையில் நின்று பேசவும் நேர்ந்தது. மெடல் வாங்கிய சர்ஜன், காட்சிப் பொருள்களுக்கு நடுவில். இதைப் படித்தபோது மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

வயதாக ஆகக் குட்டைப் பாவாடையையும் விட்டுவிட்டார். முழு ஆண் உடை. கறுப்புக் கோட்டு, விறைப்பான காலர், கழுத்தில் போ டை, தலையில் உயரமான சில்க் தொப்பி. கோட்டின் மேல் மெடல். 1900க்குப் பிறகு வாஷிங்டனில் வாழ்ந்த பல பேருக்கு அவர் தெருவில் பார்த்துச் சிரிக்கிற ஒரு கிழவி, அவ்வளவுதான். போர் எல்லாம் மறந்துபோயிருந்தது.

அதே வருஷங்களில்தான் கால்சட்டைச் சண்டை உலகம் பூராவும் சூடு பிடித்தது. 1911ல் பாரிஸில் பால் புவாரே என்ற உடை வடிவமைப்பாளரின் பாணியில், பாவாடை போலத் தெரிகிற கால்சட்டையைப் போட்டுக் குதிரைப் பந்தயத்துக்கு வந்த பெண்களைக் கூட்டம் சூழ்ந்து கூச்சல் போட்டது. அந்த பாரிஸில் 1800ஆம் வருஷத்து உத்தரவு ஒன்று இருந்தது. பெண் ஆண் உடை போட வேண்டுமானால் போலீஸிடம் அனுமதிச் சீட்டு வாங்கணும். 1892லும் 1909லும் கொஞ்சம் தளர்த்தினார்கள்: கையில் சைக்கிள் ஹேண்டில்பாரோ குதிரைக் கடிவாளமோ இருந்தால் பரவாயில்லையாம்! அந்த உத்தரவு செல்லாது என்று பிரெஞ்சு அரசு சொன்னது 2013ல் என்றால் நம்ப முடிகிறதா? 1915ல் கியூபாவின் ஹவானா நகரில், போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த தொழிற்சங்கத் தலைவி லூயிசா கபெட்டியோவைக் கால்சட்டை போட்டதற்குக் கைது செய்தார்கள். கோர்ட்டில் வழக்கு நிற்கவில்லை.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. 1914க்குப் பிறகு பிரிட்டனில் ஆண்கள் சண்டைக்குப் போக, குண்டு செய்யும் தொழிற்சாலைகளில் பெண்கள் நிறைந்தார்கள். லேத் ஓட்டினார்கள், வெடிமருந்து அடைத்தார்கள். கொண்டை ஊசிகூட வைக்கக் கூடாது, இரும்பு உரசித் தீப்பொறி வந்தால் எல்லாம் போச்சு. பல தொழிற்சாலைகளில் கால்சட்டையும் தொப்பியும் கொடுத்தார்கள். முந்தின வருஷம் வரை ஒழுக்கக்கேடு என்று சொல்லப்பட்ட உடை, மெஷின் முன்னால் நின்றதும் நாட்டுப்பற்று ஆகிவிட்டது. கேட்டில் நுழையும் வரைதான் ஊர்ப் பேச்சு, உள்ளே போனால் பாதுகாப்பு விதி. என் டிரெயினிங்கிலும் அதேதான் நடந்தது, அதனால் இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. போர் முடிந்ததும் பெரும்பாலான பெண்களை வேலையை விட்டும் கால்சட்டையை விட்டும் அனுப்பிவிட்டார்கள் என்பது வேறு கதை.

இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கிற வயது வரை மேரி உயிரோடு இருந்தார். ஆனால் யாரும் அவரை அழைத்து மாலை போடவில்லை. ஓட்டுரிமைக்குப் போராடிய பெண்களே அவரைத் தள்ளி வைத்திருந்தார்கள். உடை ஒரு காரணம். இன்னொன்று, பெண்ணுக்கு ஓட்டு ஏற்கெனவே அரசியல் சட்டத்தில் இருக்கிறது, புதுசாகத் திருத்தம் எதற்கு என்று அவர் பிடித்த பிடிவாதம். 1912லும் 1914லும் காங்கிரஸ் கமிட்டி முன்னால் போய்ப் பேசினார். அவரோடு சேர்ந்து வேலை செய்வது யாருக்கும் எளிதாக இருந்திருக்காது. கோபம் அதிகம், விட்டுக்கொடுக்கத் தெரியாது. புகை பிடிக்கிறவர்களைக் கண்டாலும் ஆகாது. ஆனாலும் அவ்வளவு பிடிவாதம் இல்லாத ஆள் அந்த உடையில் அறுபது வருஷம் நடந்திருக்க முடியுமா என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

1917ல் ராணுவம் மெடல் பட்டியலைத் திருத்தியது. 911 பேரின் பெயரை நீக்கினார்கள். அதில் ஒரு பெயர் மேரி வாக்கர். பெண் என்பதால் நீக்கினார்கள் என்று சில பேர் நினைக்கலாம், ஆனால் நியாயமாகச் சொன்னால் அப்படி இல்லை. நீக்கப்பட்டதில் 864 பேர் மெய்ன் மாநிலத்தின் ஒரே படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள், சண்டையே இல்லாமல் மெடல் வாங்கியவர்கள். மேரிக்குச் சொன்ன காரணம், அவர் ஒப்பந்த டாக்டர், ராணுவத்தில் முறையாகச் சேர்ந்தவர் இல்லை என்பது. முறையாகச் சேர்க்கச் சொல்லி 1861ல் வாசல் வாசலாக நின்றவரைத்தான் சேர்க்க மாட்டோம் என்றார்கள். சேர்க்காமல் விட்டுவிட்டு, சேராததால் மெடல் இல்லை என்றால் அது என்ன கணக்கு? அப்போது அவருக்கு வயது 84. மெடலைத் திருப்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டு, முன்னைப் போலவே தினமும் குத்திக்கொண்டு நடந்தார்.

அந்த வருஷமே வாஷிங்டனில் காங்கிரஸ் கட்டிடப் படியில் விழுந்து அடிபட்டார். பிறகு உடம்பு தேறவேயில்லை. 1919 பிப்ரவரி 21 அன்று சொந்த ஊரில் இறந்தார். கறுப்புக் கோட்டும் கால்சட்டையும் போட்டே ஆஸ்வீகோவில் அடக்கம் செய்தார்கள். அடுத்த வருஷம், 1920 ஆகஸ்டில், பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் சட்டத் திருத்தம் நிறைவேறியது.

1977ல் ஜிம்மி கார்ட்டர் ஜனாதிபதியாக இருந்தபோது மெடல் திரும்ப வந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. 1982ல் தபால் தலை போட்டார்கள். அமெரிக்க செனட் சபைக்குள் பெண் உறுப்பினர்கள் பேண்ட் போட்டு வந்தது 1993ல். 2023ல் வர்ஜீனியாவில் ஒரு ராணுவ முகாமுக்கு ஃபோர்ட் வாக்கர் என்று பெயர் வைத்தார்கள், 2025ல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு ஏ.பி.ஹில் என்ற பழைய பெயர் வரும்படி மாற்றிவிட்டார்கள். செத்த பிறகும் கொடுப்பதும் பிடுங்குவதும் நிற்கவில்லை பாருங்க. 2024ல் வந்த கால் டாலர் நாணயத்தில் அவர் உருவம் இருக்கிறது. கையில் சின்ன சர்ஜரிப் பெட்டியோடு, மெடல் குத்திக்கொண்டு நிற்கிறார்.

உயரத் தொப்பியும் கோட்டுமாக அவர் நிற்கும் படம் ஒன்றை அம்மாவுக்குக் காட்டினேன். எங்க அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவங்க. வயலில் இறங்கும்போது சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வாங்க, எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். அதை ஆண் உடை என்று எந்தப் பெரியப்பாவும் சொன்னதில்லை. படத்தை ரொம்ப நேரம் பார்த்தாங்க. யாரு என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை. இந்த மாதிரி காலுக்கும் இருந்தா நெல்லு அறுக்கையில சொணை ஏறாதே என்று மட்டும் சொன்னாங்க.

– இறுதியாண்டு மாணவி, இயந்திரவியல் துறை